பிரான்ஸ்க்கு புதுசா வந்தவங்களுக்கு: சின்ன வெங்காயத்தை பெட்டியில கொண்டு வராதீங்க, பால்கனியில நடுங்க

போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, பாரிஸ்ல நம்ம தமிழ்க் கடைங்க இருக்கிற லா ஷாப்பெல்ல சாம்பார் வெங்காயம் விக்கிற விலைக்கு கட்டுப்படியாகல அக்கா, ஊர்லேருந்து வரும்போது அஞ்சு கிலோ கொண்டு வந்துடலாமான்னு. வேணாம்மா. 2019 டிசம்பர் 14-லேருந்து வெளியிலேருந்து ஐரோப்பாவுக்குள்ள காய்கறி, செடி, விதை எது கொண்டு வந்தாலும் பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் (செடியில நோய், பூச்சி இல்லைன்னு அரசாங்கம் தர்ற சான்றிதழ்) வேணும், அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன் இந்த அஞ்சுக்கு மட்டும்தான் விலக்கு. ஏர்போர்ட்ல பாத்தா அப்படியே எடுத்துடுவாங்க, மனசுதான் கஷ்டமாகும்.

நான் இப்போ ஏப்ரல்ல பாஸ்க் (ஈஸ்டர்) லீவுக்கு பாண்டி வந்திருக்கேன், லாஸ்பேட்டை வீட்டு மாடியில அம்மா வடகம் போட்டுட்டு இருக்காங்க. நேத்து வெங்காயத்தையும் பூண்டையும் ஒண்ணும் பாதியுமா இடிச்சு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கருவேப்பிலை எல்லாம் போட்டு பிசைஞ்சு மூடி வெச்சாங்க, காலையில திறந்தா அடியில மஞ்சளா தண்ணி விட்டிருக்குது, அதை கொட்டாம அதுலயே திரும்ப பிசைஞ்சு உருண்டை பிடிச்சு வெயில்ல வெக்கிறாங்க, சாயங்காலம் உதிர்த்து மறுபடி பிசையணும், இப்படியே ஒரு வாரத்துக்கு மேல. பிரான்ஸ் கடையில வடுவான்னு ஒரு மசாலா விக்கிறாங்க பாருங்க, அது நம்ம பாண்டி வடகத்துலேருந்து போனதுதான். அதுக்கு உசுரே இந்த வெங்காயம், பெரிய வெங்காயத்துல போட்டா அந்த வாசனை வராது.

முதல்ல நான் பண்ணின தப்பை சொல்லிடறேன். 2016-ல கடையில வாங்கின நம்ம ஊர் வெங்காயம் முளை விட்டுடுச்சேன்னு ஏப்ரல்ல தொட்டியில நட்டேன், தாள் கொஞ்சம் வந்துச்சு, அவ்ளோதான், பிடுங்கினா ஒவ்வொண்ணும் சுண்டைக்காய் சைஸ். காரணம் பகல் நீளம். நம்ம ஊர்ல எந்த மாசமும் பகல் 13 மணி நேரத்தை தாண்டாது, நம்ம ரகம் அதுக்கு பழகினது, பாரிஸ்ல ஜூன்ல 16 மணி நேரம், ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம். அந்த நீள பகலை பாத்ததும் செடி வளராமலே அவசரமா காய் வெச்சு முடிச்சுடுது.

அதனால அந்த ஊர் எஷலோத்தை (இங்கிலீஷ்ல ஷாலட்) நடுங்க, அதுவும் நம்ம சின்ன வெங்காயத்தோட இனம்தான். ழார்தினெரியில, அதாவது செடி, விதை விக்கிற கடையில, பிப்ரவரிலேருந்து விதை வெங்காயம் வலைப்பையில வரும், ரோஸ் கலர்ல இருக்கிறதை வாங்குங்க. சாம்பல் கலர் ஒண்ணு இருக்குது, ருசி நல்லா இருக்கும், ஆனா அது அக்டோபர், நவம்பர்ல நடறது, ரொம்ப நாள் தாங்காது. ரோஸை ஏப்ரல் வரைக்கும் நடலாம், அதனால இப்போ கூட லேட் இல்ல, ஆனா ஏப்ரலுக்குள்ள முடிச்சுடுங்க.

தொட்டி 20 சென்டிமீட்டர் ஆழம் போதும், அடியில ஓட்டை கண்டிப்பா இருக்கணும். மக்காத பச்சை எரு போடவே போடாதீங்க, அழுகிடும். வேர் பக்கம் கீழ, நுனி மண்ணுக்கு மேல லேசா தெரியணும், ஒண்ணுக்கொண்ணு ஒரு சாண் இடைவெளி. புழுன்னு நினைச்சு குருவி கொத்தி இழுத்து போடும், வேர் பிடிக்கிற வரைக்கும் மேல ஒரு வலை போடுங்க. ஒரு முத்து நட்டா கொத்தா ஆறு ஏழு வரும்.

தண்ணிதான் எல்லாரும் கெடுக்கிற இடம். விரலை விட்டு பாத்து உள்ள காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல கடலூர்ல எங்க மாமா தோட்டத்துல வெங்காயம் ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு, பிடுங்கினா கையில கூழா வந்துச்சுன்னு மாமா போன்ல சொல்லும்போது குரலே இல்ல. தொட்டிக்கு கீழ தட்டுல தண்ணி தேங்கினாலும் அதே கதிதான்.

ஜூலையில தாள் மஞ்சளாகி சாய ஆரம்பிக்கும், அப்போ தண்ணியை சுத்தமா நிறுத்திடுங்க. பாதிக்கு மேல சாஞ்சதும் வெயில் நாளா பாத்து பிடுங்கி, கழுவாம, தாளை வெட்டாம காத்தாட நிழல்ல ரெண்டு வாரம் விடுங்க. கழுத்து பச்சையா இருக்கும்போது வெட்டினா அங்கேருந்துதான் அழுகல் இறங்கும். தோல் சரசரன்னு சத்தம் போட்டா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம். மாமா மாதிரி தாளோட கத்தை கட்டி தொங்க விடுங்க, பிரிட்ஜ்ல வேணாம், முளைச்சுடும். நல்ல கெட்டியா இருக்கிற கொஞ்சத்தை அடுத்த வருஷ விதைக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டு, ஒரே தொட்டி மண்ணுல திரும்ப நடாதீங்க, மண்ணை மாத்துங்க.

வடகம் போடணும்னா ஜூலை கடைசி, ஆகஸ்ட் வெயிலை விடாதீங்க. நான் போன வருஷம் பால்கனியில தட்டுல போட்டேன், காய பத்து நாள் ஆச்சு, வாசனைக்கு பக்கத்து வீட்டு பாட்டி கதவை தட்டினாங்க, ரெண்டு உருண்டை கொடுத்தேன். அளவு யாருக்காவது வேணும்னா கேளுங்க, அம்மா பக்கத்துலயே இருக்காங்க, கேட்டு எழுதறேன்.