மவுண்டன் பைக் பின் ஷாக்குல ஸேக் (ஏறினதும் நம்ம எடையில ஷாக் அமுங்குற அளவு) அளக்க உட்காரணுமா, நிக்கணுமா?

கல்லுப்பாதை:
"சீட்ல உட்காருங்க, 30 சதவீதம் ஸேக் வைங்க, வேலை முடிஞ்சது." பக்கத்து இழையில புதுசா வந்த ஒருத்தருக்குக் கிடைச்ச பதில் இது. படிச்சதும் எரிச்சல்தான் வந்துச்சு. டிரெயில்ல இறங்குறப்ப யாருங்க சீட்ல உட்கார்ந்திருக்காங்க? டிராப்பர் போஸ்ட்டை (சீட்டை ஏத்தி இறக்குற தண்டு) இறக்கிட்டு பெடல்மேல நிக்கிறோம். அந்த நிலையிலதான் அளக்கணும். 55 மி.மீ. ஸ்ட்ரோக் (முழுசா அமுங்குற தூரம்) ஷாக்னா 30 சதவீதம் 16.5 மி.மீ. உட்கார்ந்து 16.5 வச்சவர் எழுந்து நின்னா, ஷாக் தண்டுல அமுங்கின அளவைக் காட்டுற ஓ-ரிங் 14 கிட்ட நிக்கும். அப்புறம் பின்பக்கம் கட்டை மாதிரி இருக்குன்னு புலம்ப வேண்டியது.

சுருள்வில்:
அந்தப் பதில் என்னோடது. பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். நின்னு அளந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு வரும். இடுப்பு கொஞ்சம் பின்னாடி போனாலே ஓ-ரிங் 2 மி.மீ. தள்ளிப் போயிடும். சீட் ஒரே இடத்துல இருக்கு, அளவும் மாறாது. இப்ப வர்ற பைக்ல சீட் டியூப் கோணம் (சீட்டைத் தாங்குற குழாயோட சாய்வு) 76, 77 டிகிரி. ஆள் முன்னாடி தள்ளித்தான் உட்கார்றாரு. நீங்க சொல்ற வித்தியாசமெல்லாம் பழைய 72 டிகிரி பைக்குக்கு.

கல்லுப்பாதை:
அளவு மாறுதுன்னா அளக்குறவருக்குத் தெரியலன்னு அர்த்தம். கிளைம்ப் லீவர் (ஏத்தத்துல ஷாக்கைக் கெட்டியாக்குறது) ஓபன்ல இருக்கணும். கம்ப்ரஷன் குமிழை (ஷாக் அமுங்குற வேகத்தைக் கட்டுப்படுத்துறது) முழுசாத் திறந்துடணும். ஷூ, ஹெல்மெட், தண்ணிப் பையோட ஏறணும். ஒருத்தர் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கட்டும். பெடல் ரெண்டும் ஒரே மட்டத்துல. நல்லா மூணு தடவை அமுக்கி விட்டு, சீல் உராய்வு விட்டதும் அசையாம நிக்கணும். ஓ-ரிங்கை சீல் வரைக்கும் தள்ளி, குதிக்காம மெதுவா இறங்கணும். இதையே மூணு தடவை செஞ்சு பாருங்க, 1 மி.மீ.க்குள்ள வரும். உட்கார்ந்த அளவு இறக்கத்துக்கு உதவாது.

பம்ப்பிடி:
ரெண்டு பேரும் ஏர் ஷாக்கை ஈக்வலைஸ் பண்றதை (பாசிடிவ், நெகடிவ்னு உள்ள இருக்கிற ரெண்டு காத்தறையையும் சமமாக்குறது) பத்திப் பேசவே இல்லையே. காலி ஷாக்குல ஒரே மூச்சுல 190 பிஎஸ்ஐ அடிச்சா நெகடிவ் சேம்பர் நிறையாது. 50 பிஎஸ்ஐக்கு ஒரு தடவை நிறுத்தி, பத்து தடவையாவது மெதுவா அமுக்குங்க. பாசிடிவ்ல இருந்து காத்து அங்க போகும், மீட்டர் இறங்கும், திரும்ப அடிக்கணும். இது செய்யாம எடுத்த ஸேக் உட்கார்ந்தாலும் தப்பு, நின்னாலும் தப்பு.

மலைமுகடு:
அதோட பம்பைக் கழட்டும்போது 'புஸ்'னு போற காத்துக்கு 10 பிஎஸ்ஐ சேர்த்து அடிச்சுக்கோங்க.

பம்ப்பிடி:
தப்பு. அந்த 'புஸ்' பம்ப் ஹோஸ்ல இருக்கிற காத்து. வால்வு அதுக்கு முன்னாடியே மூடிடும். திரும்ப மாட்டுறப்ப மீட்டர் குறைச்சுக் காட்டுறது, ஷாக்குல இருந்து காத்து காலி ஹோஸுக்குள்ள போறதால. இதை நம்பி 10 சேர்த்தா ஷாக் அவ்வளவும் கூடுதலாத்தான் இருக்கும்.

மலைமுகடு:
எல்லா பம்ப்பும் ஒண்ணு இல்ல. டயர் பிரஷர் இழையிலயும் நீங்க இப்படித்தான் அடம் பிடிச்சீங்க.

புதுச்சக்கரம்:
என் பைக் 140 மி.மீ. டிராவல் (பின்சக்கரம் மேல போற தூரம்), 55 ஸ்ட்ரோக். வரிசையா வேர் வர்ற இடத்துல பின்பக்கம் அமுங்கிக்கிட்டே போகுது, எழும்ப மாட்டேங்குது. சின்ன டிராப்லயே ஓ-ரிங் கடைசிக்குப் போயிடுது. என்ன செய்யலாம்?

பம்ப்பிடி:
முதல் விஷயம் ரீபவுண்ட், அதாவது அமுங்கின ஷாக் திரும்ப எழும்புற வேகம். ரொம்ப மெதுவா இருந்தா ஒரு அடியில இருந்து மீளுறதுக்குள்ள அடுத்த அடி விழும். குமிழை முழுசா மூடி, இப்ப எத்தனாவது கிளிக்ல இருக்குன்னு எண்ணிக் குறிச்சுக்கோங்க. திரும்ப அதே கிளிக்குக்குக் கொண்டுவந்து, அங்க இருந்து 2 கிளிக் வேகமாக்குங்க. ஒரே பாதையில ஓட்டிப் பாருங்க. சீட் முதுகுல உதைக்க ஆரம்பிச்சா 1 கிளிக் திரும்புங்க. அடுத்தது டிராப்: ஸேக் சரியா இருந்தும் கடைசி தட்டுதுன்னா பிரஷரை ஏத்தாதீங்க, காத்தை முழுசா இறக்கிட்டு ஒரு வால்யூம் ஸ்பேசர் (காத்தறை இடத்தைக் குறைக்கிற துண்டு) போடுங்க. கடைசிப் பகுதி மட்டும் கெட்டியாகும்.

கல்லுப்பாதை:
"ஸேக் சரியா இருந்தும்"னு சொல்றீங்களே, அவரு எப்படி அளந்தாரு? உட்கார்ந்தா? அதை முதல்ல கேளுங்க. ரீபவுண்ட், ஸ்பேசர் எல்லாம் அதுக்கு அப்புறம்.

சுருள்வில்:
அவர் ஷாக் அமுங்கிக்கிட்டே போகுதுன்னு சொல்றாரு. நீங்க சொல்ற மாதிரி நின்னு 30 சதவீதம் வச்சா காத்து இன்னும் குறையும், உட்கார்ந்தா 34, 35 சதவீதத்துக்குப் போகும். ஏத்தத்துல பின்பக்கம் குந்திக்கும், முன்சக்கரம் தூக்கும், பெடல் கல்லுல இடிக்கும். டிரெயில் பைக் ஏறவும் வேணும்.

கல்லுப்பாதை:
ஏறுறதுக்குத்தான் கிளைம்ப் லீவர் வச்சிருக்கான். அப்புறம், காயில் ஷாக் (காத்துக்குப் பதிலா சுருள் ஸ்பிரிங்) ஓட்டுற நீங்க ஏர் ஷாக்குக்கு வகுப்பெடுக்க வேண்டாம். உங்களுக்கு ஸேக் குறையணும்னா ஸ்பிரிங்கையே மாத்தணும், ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கிறது) 2 சுத்துக்கு மேல முறுக்க முடியாது. எங்களுக்கு 5 பிஎஸ்ஐ போதும்.

சுருள்வில்:
காயில்காரன்தான் ஒழுங்கா அளப்பான், ஏன்னா தப்பா அளந்தா ஸ்பிரிங் காசு போயிடும். 5 பிஎஸ்ஐ தட்டிப் பழகினவங்களுக்கு அந்தப் பொறுப்பு வராது. உட்கார்ந்துதான் அளக்கணும்.

புதுச்சக்கரம்:
2 கிளிக் வேகமாக்கினேன், வேர்ல பரவாயில்ல. ஸேக் உட்கார்ந்துதான் அளந்தேன், 17 மி.மீ.

கல்லுப்பாதை:
17ஆ? நின்னு அளந்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

சுருள்வில்:
17 சரிதான். எதையும் தொடாதீங்க.