கோடு எழுதும் ஏஐ ஏஜென்ட்டுக்குப் புரிகிற மாதிரி டேட்டாபேஸ் டெஸ்ட் குறிப்பு எழுதுவது எப்படி?

தெம்பனிஸ்_தம்பி:
சிங்கப்பூரில் சாங்கி பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ் பார்க்கிறேன். டெஸ்ட் எல்லாம் அதற்கான டிஎஸ்கியூஎல்டி என்ற டெஸ்ட் கருவியில். 9% ஜிஎஸ்டி கணக்குக்கு டெஸ்ட் எழுதச் சொன்னால், ஏஜென்ட் 'செக் ஜிஎஸ்டி' என்று புரொசீஜருக்கு (டேட்டாபேஸில் சேமித்து வைக்கும் நிரல்) பெயர் வைக்கிறது. பிழையும் வரவில்லை, டெஸ்ட்டும் ஓடவில்லை! முழு மேனுவலைக் கொடுத்தும் பலனில்லை.

பழைய_டிபிஏ:
பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்கினால்தான் தம்பி டிஎஸ்கியூஎல்டி அதை டெஸ்ட்டாக எடுத்துக்கொள்ளும். மேனுவல் வேண்டாம். ஏஜென்ட் தினமும் புதிதாய் வேலைக்குச் சேர்கிற ஆள் மாதிரி. ரெப்போவில் (கோடு வைக்கும் இடம்) ஏஜென்ட்ஸ்.எம்டி என்று ஏஜென்ட் படிக்கும் குறிப்புக் கோப்பு வைத்து, ஓட்டும் கட்டளை, முழுசாய் ஓடும் ஒரே ஒரு டெஸ்ட், அது தோற்றால் வரும் வெளியீடு, இவ்வளவு போடு. அப்புறம் ஃபேக்டேபிள் (டெஸ்ட்டுக்காக டேபிளுக்குப் பதில் காலி நகல் வைக்கும் கட்டளை) போட்டால், தப்பான தரவைத் தடுக்கும் ஃபாரின் கீ, செக் கட்டுப்பாடுகள் காணாமல் போகும். அவற்றைச் சோதிக்க, திரும்பப் போடும் அப்ளைகன்ஸ்ட்ரெயின்ட் கட்டளை வேண்டும் என்று எழுதாவிட்டால், எல்லாம் பாஸ் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போய்விடும்.

ஊட்லண்ட்ஸ்_அக்கா:
நாங்கள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், அதன் டெஸ்ட் கருவி பிஜிடாப். தொடக்கத்தில் பிளானில் சொன்ன எண்ணிக்கையும் ஓடிய டெஸ்ட் எண்ணிக்கையும் பொருந்தணும், கடைசியில் ரோல்பேக் (செய்த மாற்றங்களை ரத்து செய்வது). இரண்டே வரிதான் எழுதினோம்.

தெம்பனிஸ்_தம்பி:
சரி அண்ணே, ஓடாத டெஸ்ட்டை எப்படிப் பிடிப்பது?

பழைய_டிபிஏ:
ஓடிய டெஸ்ட் பூஜ்யம் என்றால் சிஐ (கோடு மாறும்போது தானாக டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) தோற்கிற மாதிரி வை. அதையும் குறிப்பில் சேர்த்துவிடு.