பெரியப்பாவின் பிஸ்கட் டின்: பழைய கனடியக் காசுகளில் எதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்?

பூவரசு:

வணக்கம் எல்லாருக்கும். என் பெரியப்பா 1984இல் கனடாவுக்கு வந்தவர். ஸ்காபரோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நீண்ட காலம் இரவு வேலை செய்தார். கல்லாவில் விழும் சில்லறையில் வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் தன் காசைப் போட்டு மாற்றி எடுத்து வந்து ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். போன மாசியில் காலமாகிவிட்டார். பெரியம்மா டின்னை என்னிடம் தந்து, "விக்கிறதுக்கு இல்லை, இதுக்குள்ள என்ன இருக்கு எண்டு எனக்குத் தெரிய வேணும்" என்றார்.

உள்ளே இருப்பவை: 1867, 1967 என்று அச்சிட்ட ஒரு டொலர்த் தாள் பதினொன்று, 1954 என்று போட்ட ஒரு டொலர்த் தாள் இரண்டு, 1968ஆம் ஆண்டுப் பத்துச் சதமும் கால் டொலருமாக 23, பித்தளை நிறத்தில் பன்னிரண்டு பக்கம் கொண்ட 1943ஆம் ஆண்டு ஐந்து சதம், ஆண்டுக்குப் பக்கத்தில் குட்டி இலை ஒன்று உள்ள 1947ஆம் ஆண்டு ஒரு சதம், குதிரைப் பொலிஸ் படம் போட்ட 1973ஆம் ஆண்டுக் கால் டொலர் ஏழு. நிறையக் காசு கறுத்துப் போயிருக்கிறது. பழப்புளி போட்டு மினுக்கிவிட்டுப் படம் எடுத்துப் போடவா?

காசுப்பெட்டி:

தம்பி, புளியைத் தொடவே வேண்டாம்! தண்ணீர், சவர்க்காரம், பற்பசை, துணி எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்பு ஊத்தை இல்லை, உலோகம் வயதாகும்போது தானாகப் படியும் நிறம், அதை உரித்தால் அச்சடித்தபோது வந்த மேற்பரப்பும் சேர்ந்து போய்விடும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு நொடியில் தெரியும். நான் முதன்முதலில் வாங்கிய வள்ளக் காசை, 1936ஆம் ஆண்டு வெள்ளி டொலரை, பற்பசையால் தேய்த்தேன். பிறகு கடையில் கொண்டுபோய்க் காட்டினால் வெள்ளியின் நிறைக்கு மட்டும்தான் விலை சொன்னார்கள். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனம் பொறுக்காது.

1968 காசுகளுக்கு ஒரு காந்தம் போதும். 1920 முதல் 1966 வரை பத்துச் சதம், கால் டொலர், ஐம்பது சதம் எல்லாம் 80% வெள்ளி. வெள்ளி விலை ஏறியதும் 1967இல் பத்துச் சதத்தையும் கால் டொலரையும் பாதியில் 50% ஆக்கினார்கள். 1968இல் கொஞ்ச மாதம் அதே 50%, அப்புறம் முழு நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஆனால் ஐந்து சதத்துக்கு இந்தச் சோதனை செல்லாது. அது 1922இலேயே நிக்கலாகிவிட்டது, 1982இலிருந்து செம்பு கலந்தார்கள், அதனால் பிந்திய ஐந்து சதம் ஒட்டாவிட்டாலும் அதில் வெள்ளி கிடையாது.

1967 தாள்களைப் பற்றி அதிகம் நம்ப வேண்டாம். வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்டுகளை அச்சிட்டதால் அரிதானது என்று எல்லாரும் நினைத்தார்கள், நாடு முழுக்கச் சேர்த்தும் வைத்தார்கள். மடிப்பு விழுந்த தாள் என்றால் முகப்பெறுமதியை விடக் கொஞ்சம்தான் கூடும். பின்பக்கம் பாருங்கள், 1916இல் எரிந்துபோன பழைய நாடாளுமன்றக் கட்டடம். அதற்காகவே ஒன்றை நான் சட்டகம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

ஒட்டாவா மழை:

எனக்கு உங்கள் டின்னில் பிடித்தது அந்த இலைக் காசுதான். 1947 வரைக்கும் கனடாவின் காசில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரோடு 'இந்தியாவின் பேரரசர்' என்று லத்தீனில் சுருக்கி எழுதியிருக்கும். இந்தியா சுதந்திரம் அடைந்ததும் அந்தச் சொற்களை நீக்கிப் புதிய அச்சு வர வேண்டியிருந்தது. அது வந்துசேரத் தாமதமானதால் 1948இல் பழைய 1947 அச்சையே வைத்து அடித்தார்கள், வேறுபாடு தெரிய ஒரு மேப்பிள் இலையைச் சேர்த்தார்கள். ஆக உங்கள் கையில் இருப்பது 1948இல் பிறந்த 1947 காசு. ஒரு சதத்தில் இது ஏராளம், விலை பெரிதில்லை. ஆனால் அதே தாமதத்தால் 1948ஆம் ஆண்டு வெள்ளி டொலர் 18,780 மட்டுமே அடிக்கப்பட்டது. அது இருந்தால் வேறு கதை.

1943ஆம் ஆண்டுக் காசு போர்க்காலத்தது. நிக்கல் ஆயுதத்துக்குத் தேவைப்பட்டதால் செம்பும் துத்தநாகமும் கலந்த டொம்பாக் என்ற உலோகத்தில் அடித்தார்கள். ஒரு சதத்தோடு குழம்பாமல் இருக்கத்தான் பன்னிரண்டு பக்கம். வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்து இருக்கும் பக்கத்தில் விளிம்பைச் சுற்றிப் புள்ளியும் கோடும் தெரிகிறதா? அது மோர்ஸ் குறியீடு. 'மனமுவந்து உழைத்தால் வெல்வோம்' என்ற கருத்து.

பூவரசு:

காந்தம் வைத்துப் பார்த்தேன், 23இல் 9 ஒட்டவில்லை! மோர்ஸ் விஷயத்தைச் சொன்னதும் பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் காசை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1954 தாளையும் 1973 காசையும் பற்றி யாருமே சொல்லவில்லையே?

நீலத்தாள்:

1954 தாளில் அரசியின் காதுக்குப் பின்னால் உள்ள முடிச்சுருளைப் பாருங்கள். முதலில் வந்த தாள்களில் ஒளியும் நிழலும் சேர்ந்து பல்லிளிக்கும் பேய்முகம் போலத் தெரியும், முறைப்பாடு எழுந்ததும் 1956இல் அந்த இடத்தைக் கறுப்பாக்கிவிட்டார்கள். தாளில் கனடா வங்கி அதிகாரிகள் இருவரின் கையொப்பம் இருக்கும். கோயின், டவர்ஸ் கையொப்பம் என்றால் கட்டாயம் பேய்முகத் தாள். பீட்டி, கோயின் என்றால் முடியைத்தான் பார்க்க வேண்டும்.

1973 கால் டொலரில் அரசியின் தலை இரண்டு அளவில் உண்டு. சிறிய தலைதான் எங்கும் கிடைப்பது, விளிம்போரம் சுற்றிவர மணி போன்ற 120 சிறு புள்ளிகள். பெரிய தலையில் 132, விளிம்புக்கு மிகக் கிட்ட இருக்கும், அதைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். பொறுமையாக எண்ணுங்கள்.

தாள்களை மென்மையான பிவிசி உறையில் போடாதீர்கள், காலப்போக்கில் பிசுபிசுத்துக் கறை பிடிக்கும். பொலியெஸ்டர் உறை நல்லது. காசை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஒரு டொலர், இரண்டு டொலர்த் தாள்கள் 2021 ஜனவரி 1 முதல் கடையில் செல்லாது, ஆனால் கனடா வங்கி இன்றைக்கும் முகப்பெறுமதி தருகிறது, அதனால் 'செல்லாத காசு' என்று சொல்லி யாராவது மலிவாகக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

பூவரசு:

ஏழையும் எண்ணியாயிற்று, எல்லாம் 120. தாள் இரண்டில் ஒன்றில் கோயின், டவர்ஸ் கையொப்பம்! முகம் எனக்குத் தெரிய முதல் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, "இதைக் கண்டுதான் மனுசன் எடுத்து வைச்சிருக்கு" என்கிறார். உறைகளுக்குச் சொல்லிவிட்டேன். ஒவ்வொன்றிலும் அது என்ன காசு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைக்கப் போகிறோம், பெரியம்மாவின் கையெழுத்தில்.