சிற்றூர்த் தெருவில் வண்டி நெரிசலைக் கணக்கெடுப்பது எப்படி?

கானாடுகாத்தான்வாசி:
எங்கள் ஊரின் தெருக்கள் நேர்நேராக வகுக்கப்பட்டவை. வீடுகளோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டவை. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஆள் அரவமே இராது. ஆனால் முகூர்த்த நாட்களிலும், சுற்றுலா வேன்கள் வரும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலும் இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிடுவதால் பள்ளி வேன்கூட நுழைய முடிவதில்லை. இதற்காக மனு கொடுத்தபோது, எத்தனை வண்டிகள், எந்த நேரத்தில் என்ற விவரம் உண்டா என்று கேட்டார்கள். கூகுள் வரைபடத்திலோ அந்தத் தெருக்களுக்கு நெரிசலைக் குறிக்கும் நிறமே காட்டுவதில்லை. செலவின்றிக் கணக்கெடுக்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பணியாளர்:
ஐயா, அந்த நிறம் சாலையில் நகரும் கைபேசிகளின் வேகத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. போதிய கைபேசிகள் கடக்காத தெருவுக்கு அது துணை செய்யாது. தாளும் பேனாவும் போதும். நான்கு வண்டிகளுக்கு நான்கு நேர்கோடு, ஐந்தாவதற்குக் குறுக்குக்கோடு என்று 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக எண்ணுங்கள். வண்டிகளை வகை பிரித்து எழுதுவது மிகவும் முக்கியம். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் கிராமப்புறச் சாலைகளுக்கு 1990இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்ற கணக்கில் காருக்கு 1, இருசக்கர வண்டிக்கு 0.5, பேருந்துக்கு 3, டிரெய்லருடன் கூடிய டிராக்டருக்கு 4.5 என்று மதிப்பு உண்டு; மாட்டு வண்டிக்கு அளவைப் பொறுத்து 6 அல்லது 8. இப்படிப் பெருக்கிக் கூட்டினால்தான் பத்து ஸ்கூட்டரும் பத்துப் பேருந்தும் ஒன்றல்ல என்பது தாளில் தெரியும்.

அதே அமைப்பின் 1972ஆம் ஆண்டு வழிகாட்டுதல், திருவிழா போன்ற வழக்கத்துக்கு மாறான நாட்களில் கணக்கெடுக்க வேண்டாம் என்கிறது. நெடுஞ்சாலைக்கு அது சரி. உங்கள் ஊருக்கோ அந்த நாட்களே பிரச்சினை என்பதால், அவற்றைத் தனியாக எண்ணித் தனித் தாளில் வையுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, மார்கழியில் கல்யாணம் இராது. அப்போது எண்ணினால் சுற்றுலா வண்டிகளின் அளவு மட்டும் தெரியும். தை முகூர்த்த நாளில் எண்ணினால் இரண்டும் சேர்ந்து வரும். இரண்டும் இல்லாத ஆடியில் எண்ணுவதே அடிப்படைக் கணக்கு. நின்றுகொண்டிருக்கும் வண்டிகளையும், எவ்வளவு நேரம் நின்றன என்பதையும் எழுதுங்கள். ஓடும் வண்டியை மட்டும் எண்ணினால் அடைபட்ட தெரு காலியான தெருவாகவே தாளில் தெரியும். நடந்து போகிறவர்களை மறந்துவிடாதீர்கள். பால் வாங்கப் போகும் என் வயதுக்காரர்கள் தெருவைக் கடக்க எத்தனை நிமிடம் காத்து நிற்கிறார்கள் என்பதும் நெரிசலின் அளவுதான்.

பள்ளத்தூர் வாசகர்:
தாமதத்தை அளக்கத் தெருவின் இரு முனைகளிலும் ஒருவர் நின்று, வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் நேரத்தையும் குறித்தால் போதும். இரண்டையும் ஒப்பிட்டால், கடக்க ஆன நிமிடம் கிடைக்கும். கணக்கு முடிந்ததும் அந்த எண்களைக் கிழித்துவிடுங்கள்.

கானாடுகாத்தான்வாசி:
மிக்க நன்றி ஆச்சி, நன்றி ஐயா. மார்கழியில் ஒரு வாரம் காலை 8 முதல் 10 வரை முதல் கணக்கை எடுக்கிறோம். தை முகூர்த்தத்துக்குப் பிறகு இரண்டு தாள்களையும் சேர்த்து மனுவோடு கொடுப்போம்.