போலி இளவரசனைக் கட்டிய கோடீஸ்வரி: பார்பரா ஹட்டன் ஏமாந்தாளா, தெரிந்தே வாங்கினாளா?

பழையபேப்பர்:
உல்வொர்த் கடை வாரிசு பார்பரா ஹட்டன் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "பாவம், ஏமாந்துபோன பெண்" என்றுதான் முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சண்டை போடத்தான் இந்த இழையைத் திறக்கிறேன், வாருங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான் விற்றே பெரும் பணக்காரரான ஃபிராங்க் உல்வொர்த்தின் பேத்தி. 1912ல் பிறந்தவள். 21 வயது முடிந்ததும் கைக்கு வரவேண்டிய சொத்து நாலு கோடி டாலருக்கு மேல். அதற்குச் சில மாதம் முன்பு, 1933 ஜூனில், பாரிஸில் அலெக்ஸிஸ் ம்டிவானி என்பவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தன்னை ஜார்ஜியா நாட்டு இளவரசன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவனுக்கு அதற்கு முன்பே கல்யாணமாகி, 1932ல்தான் விவாகரத்து. அந்த முதல் மனைவி லூயிஸ் வான் ஆலன், ஆஸ்டர் என்ற பெரும் பணக்காரக் குடும்பத்து வாரிசு, அதற்கு மேல் பார்பராவின் தோழி. வீட்டில் இந்த உறவு பிடிக்கவில்லை. 1933ல் அவள் கீழைநாடுகள் பக்கம் பயணம் போனால் அவன் பாங்காக்கில் போய் நிற்கிறான், அங்கிருந்து நிச்சயதார்த்தச் செய்தி வருகிறது. அப்பா ஃபிராங்க்ளின் ஹட்டன் முறுக்கிக்கொண்டு நின்று, கடைசியில் பத்து லட்சம் டாலர் மாப்பிள்ளைக்கு எழுதிவைத்துத்தான் கல்யாணம் நடந்தது.

என் கட்சி இதுதான்: அவன் இளவரசன் இல்லை என்பது பாரிஸிலும் நியூயார்க்கிலும் பேப்பர் படிக்கிறவன் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

ஊசிமிளகாய்:
ஆரம்பிச்சாச்சா! இருபது வயசுப் பெண் சார் அவள். நாலு வயசில் அம்மா போய்ச் சேர்ந்தாள். காது நோய் என்று வெளியே சொன்னார்கள், தற்கொலை என்றுதான் ஊரே பேசியது. அப்பா பிள்ளையைச் சொந்தக்காரர் வீடு, போர்டிங் பள்ளி என்று தள்ளிவிட்டார். 1930ல், பொருளாதாரம் சரிந்து ஊரில் சோற்றுக்கு வரிசை நிற்கிற நேரத்தில், நியூயார்க் ரிட்ஸ்-கார்ல்டனில் அறுபதாயிரம் டாலர் செலவில் அவளுக்கு அறிமுக விருந்து வைத்து, பத்திரிகைகள் வெளுத்து வாங்கியதில் அந்தத் திட்டு முழுக்க அவள் தலையில் விழுந்தது. அந்த விருந்தை அவளா ஏற்பாடு செய்தாள்? இந்த வயதில், இந்த நிலைமையில், பழகத் தெரிந்த ஒருத்தன் வந்து "நீ எனக்கு வேணும்" என்று சொன்னால் எந்தப் பெண் வம்சாவளிச் சான்றிதழ் கேட்பாள்?

அப்புறம், அவன் தனி ஆள் கிடையாது. அது ஒரு குடும்பத் தொழில். அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

பழையபேப்பர்:
அதைச் சொன்னால் என் பக்கம்தான் பலமாகும், அதனால் சந்தோஷமாகச் சொல்கிறேன். அப்பா ஜகாரி ம்டிவானி ரஷ்யப் பேரரசின் படைத்தளபதி. 1921ல் செஞ்சேனை ஜார்ஜியாவுக்குள் வந்தபோது குடும்பத்தோடு கான்ஸ்டான்டிநோபிள், அங்கிருந்து பாரிஸ். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். உயர்குடிதான், ஆனால் இளவரசர் பட்டம் அந்த வீட்டில் இருந்ததில்லை. "பிள்ளைகளிடமிருந்து பட்டத்தை வாரிசாகப் பெற்ற ஒரே அப்பன் நான்தான்" என்று ஜகாரியே கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

மகன்களில் டேவிட் 1926ல் நடிகை மே மரேயைக் கட்டினான். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நடிகர் ருடால்ஃப் வாலன்டினோ, மணப்பெண் பக்கம் நின்றது வாலன்டினோவின் காதலி, நடிகை போலா நேக்ரி. வாலன்டினோ அந்த ஆகஸ்டில் இறந்தார். அடுத்த மே மாதம் போலா நேக்ரி கட்டியது யாரை? டேவிட்டின் சகோதரன் செர்ஜை. 1931க்குள் அதுவும் முறிந்தது, செர்ஜ் அதே ஆண்டு பாடகி மேரி மக்கார்மிக்கைக் கட்டினான். இதெல்லாம் முதல் பக்கச் செய்தி. கல்யாணம் பண்ணியே பிழைக்கிற சகோதரர்கள் என்று பத்திரிகைகள் அப்போதே பட்டப்பெயர் வைத்துவிட்டன. பார்பரா 1933ல் மூன்றாவது சகோதரனைக் கட்டுகிறாள். இருட்டில் கிணற்றில் விழுந்த கதையா இது?

கணக்குப்பிள்ளை:
இந்த இழையில் சொத்து எப்படி வந்தது என்று யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். உல்வொர்த் 1919ல் புது உயிலில் கையெழுத்துப் போடாமலே செத்தார். பழைய உயில்படி எல்லாம் மனைவி ஜென்னிக்கு. அந்தம்மாவுக்கு அப்போதே நினைவு தப்பிவிட்டது. 1924ல் அவர் போனதும் மூன்று பங்கு, அதில் செத்துப்போன மகளின் பங்கு பேத்திக்கு. அதாவது 11 வயதுப் பிள்ளையின் பேரில் ஒரு மலை. 21 வரை அதை மேய்த்தது அப்பா. இப்போது அந்தப் பத்து லட்சத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நாற்பதில் ஒரு பங்கு. அவள் வீட்டை விட்டு வெளியே போக, அப்பாவின் பிடியிலிருந்து கழன்றுகொள்ள, ஒரு பட்டப்பெயரோடு ஐரோப்பாவில் குடியேற, அது விலை. நியாயமான விலை என்றே சொல்வேன்.

ஊசிமிளகாய்:
கணக்குப்பிள்ளை சார், வாழ்க்கையை வட்டி போட்டுப் பார்க்காதீர்கள். முதலிரவிலேயே "நீ ரொம்பக் குண்டு" என்று அலெக்ஸிஸ் சொன்னதாகத்தான் அவள் வரலாற்றைத் தொடுகிற எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்குப் பின் அவள் காப்பியும் பட்டினியுமாக உடம்பை உருக்கியது ஆயுள் முழுக்க நிற்கவில்லை. இந்த விலை உங்கள் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் வரும்?

தெருவிளக்கு:
நீங்கள் மூன்று பேரும் மாளிகைக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். அந்தப் பத்து லட்சம் எங்கிருந்து வந்தது? கடைப் பெண்கள். டெட்ராய்ட்டில் 1937 பிப்ரவரி 27 அன்று உல்வொர்த் கடையில் வேலை பார்த்த பெண்கள், நூற்றுக்கு மேல், கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே போகவில்லை. மணிக்குப் பத்து சென்ட் கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம், இவ்வளவுதான் கேட்டது. கவுண்டருக்குப் பின்னால் படுத்துத் தூங்கி, ஒரு வாரத்தில் நிர்வாகத்தை வழிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் பார்பராவை விடச் சின்ன வயது. அவர்களும் பார்பரா பேரைச் சொல்லித்தான் பேசினார்கள். ஐரோப்பாவில் இளவரசனுக்குப் போலோ குதிரையும் வெனிஸில் மாளிகையும் யார் காசில் வந்தது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஏமாந்தவர் யார் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

ஊசிமிளகாய்:
அந்தக் கோபம் நியாயம், மறுக்க மாட்டேன். ஆனால் கூலியைத் தீர்மானித்தது நிர்வாகம், இவள் இல்லை. அந்தக் கம்பெனியில் அவள் அன்றாடம் ஒன்றையும் நடத்தவில்லை. ஆண் வாரிசு யாராவது இதே மாதிரி நடிகைகளோடு சுற்றிக் காசை விட்டிருந்தால் விளையாட்டுப் பிள்ளை என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பெண் என்றதும் வேலைநிறுத்தத்தின் முகமே அவள் ஆகிவிட்டாள்.

தெருவிளக்கு:
ஆண் வாரிசையும் நான் இதே வாயால்தான் திட்டுவேன் தோழி, அதில் கவலை வேண்டாம்.

பழையபேப்பர்:
சரி, என் முக்கியமான சான்றுக்கு வருகிறேன். அலெக்ஸிஸோடு இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. 1935 மே மாதம் ரெனோவில் விவாகரத்து. மறுநாளே, ஆமாம் மறுநாளே, கர்ட் ஹாக்விட்ஸ்-ரெவன்ட்லோ என்ற டேனிஷ் கோமகனோடு கல்யாணம். இவனுக்குப் பட்டம் நிஜம். பரம்பரை நிஜம். என்ன நடந்தது? அடித்தான். 1937ல் அவள் அமெரிக்கக் குடியுரிமையையே விட்டுக்கொடுத்தாள், அதில் அவன் கை இருந்தது. 1938ல் விஷயம் லண்டன் நீதிமன்றம் வரை போனது. மகன் லான்ஸுக்காகப் பல வருஷம் இழுபறி. போலி இளவரசன் காசைத் தின்றான், அசல் கோமகன் ஆளையே தின்றான். அப்படியிருக்க ஊர் இன்னும் "போலி, போலி" என்று ம்டிவானியையே சுற்றி வருவது ஏன்? அசல் பட்டக்காரர்கள் மட்டும் அமெரிக்கப் பணத்தைத் தேடி வரவில்லையா? அதற்கு முன் ஒரு தலைமுறையாக ஆங்கிலப் பிரபுக்கள் கடன்பட்ட அரண்மனையை மீட்க அமெரிக்கப் பெண்களைத்தானே கட்டினார்கள்? கன்சுவெலோ வாண்டர்பில்ட் 1895ல் அழுதுகொண்டே மார்ல்பரோ கோமகனைக் கட்டியதைக் குடும்பப் பெருமை என்றார்கள். ம்டிவானிகள் செய்த ஒரே குற்றம், அந்தச் சந்தைக்கு முத்திரை இல்லாத சரக்கோடு வந்தது.

ஊசிமிளகாய்:
ஒரே குற்றமா? மே மரேயைக் கேளுங்கள். ஹாலிவுட்டில் உச்சத்தில் இருந்தவள், டேவிட் நிர்வாகம் பார்க்கிறேன் என்று நுழைந்து, எம்ஜிஎம் ஸ்டுடியோவை விட்டு வெளியே வரவைத்தான். அதற்குப் பிறகு பெரிய ஸ்டுடியோக்களில் அவளுக்கு இடமே இல்லாமல் போனது. காசு கரைந்தது, பிள்ளையையும் இழந்தாள். 1964ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் போக்கிடம் இல்லாமல் அலைந்தவளைக் கண்டுபிடித்தார்கள், அடுத்த ஆண்டு செத்தாள். கலிஃபோர்னியாவில் அண்ணன் தம்பி நடத்திய எண்ணெய்க் கம்பெனி விவகாரமும் வழக்கு வரை போனது. இதற்கு "முத்திரை இல்லாத சரக்கு" என்று பெயரா?

ரெவன்ட்லோ இவர்களை விட மோசமானவன் என்பதால் அலெக்ஸிஸ் நல்லவன் ஆகிவிட மாட்டான். இரண்டு பேரும் மோசம் என்று ஏன் சொல்ல வரவில்லை உங்களுக்கு?

கணக்குப்பிள்ளை:
ஊசிமிளகாய் மேடம், உங்களுக்கு ஒரு கேள்வி. லூயிஸ் வான் ஆலன். அலெக்ஸிஸ் விட்டுவிட்டுப் போனவள், தோழியிடமே கணவனை இழந்தவள். அவள் அடுத்து யாரைக் கட்டினாள் தெரியுமா? 1936 பிப்ரவரியில் அதே வீட்டுச் செர்ஜை. ஏமாந்தவள் எதற்கு மறுபடி அதே வாசலை மிதிக்கிறாள்? அடுத்த மாதமே ஃபுளோரிடாவில் போலோ ஆட்டத்தில் குதிரையோடு விழுந்து செர்ஜ் செத்தான் என்பது வேறு விஷயம். அலெக்ஸிஸ் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே போய்விட்டான். ஸ்பெயினில் ரோல்ஸ்-ராய்ஸை விரட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்தான், கூட இருந்த மாட் தைசன் சீமாட்டிக்குப் பலத்த காயம். அதுவும் வேறொருவர் மனைவி.

தெருவிளக்கு:
போலோ, ரோல்ஸ்-ராய்ஸ். இவர்கள் சாவதற்கே ஒரு குடும்பம் ஒரு வருஷம் சாப்பிடலாம் போலிருக்கிறது.

ஊசிமிளகாய்:
லூயிஸ் விஷயத்துக்குப் பதில் சொல்கிறேன். அந்த வீட்டில் ஆண்களை விடக் கெட்டிக்காரி சகோதரி ரூசி. ஓவியர் ஹோசெப் மரியா செர்ட்டின் மனைவி, சிற்பி. பார்பராவையும் அலெக்ஸிஸையும் கோர்த்துவிட்டதே அவள்தான் என்று பேசிக்கொண்டார்கள். இவர்கள் வெறுமனே பட்டத்தைக் காட்டி மயக்கவில்லை. ஒட்டுமொத்தக் குடும்பமாக வந்து உட்கார்ந்து, விருந்து, வீடு, கடற்கரை, அக்கா, தம்பி என்று ஒரு வாழ்க்கையையே காட்டினார்கள். சொந்த வீட்டில் மனிதர் இல்லாத பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய இழுப்பு என்று யோசியுங்கள். பார்பரா கேட்டது பட்டம் என்று நீங்கள் அடித்துச் சொல்கிறீர்கள். எனக்கென்னவோ அவள் கேட்டது அந்த விருந்து மேசையில் ஒரு நாற்காலி என்றுதான் தோன்றுகிறது.

பழையபேப்பர்:
அப்படியானால் 1964 எங்கே போய்ப் பொருந்தும்? ஏழாவது கல்யாணம், மெக்ஸிகோவில் குவெர்னவாகாவில். மாப்பிள்ளை ரேமண்ட் டோன், வியட்நாமிய வம்சாவளி, வேதியியல் படித்தவர். பட்டம் கிடையாது. லாவோஸ் தூதரகம் வழியாகப் பணம் கட்டி அவருக்கு "சம்பாசக் இளவரசர்" என்ற பட்டத்தை அவளே வாங்கிக் கொடுத்தாள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். விருந்து மேசையும் இல்லை, அக்கா தம்பியும் இல்லை. ஐம்பது தாண்டியவள் தன் காசில் தனக்கு ஒரு இளவரசனைச் செய்துகொள்கிறாள். 1933ல் வாங்கியதும் 1964ல் வாங்கியதும் ஒரே பொருள். நடுவில் அவள் கட்டிய ஹாலிவுட் நடிகர் கேரி கிரான்ட் ஒரு சல்லிக் காசு வாங்காமல் விலகிப்போனார், பார்த்தீர்களா? காசு வாங்காத, பட்டமும் இல்லாத ஆளோடு மூன்று வருஷம்.

ஊசிமிளகாய்:
1933ல் இருபது வயசு, 1964ல் ஆறு கல்யாணம் முறிந்து, மாத்திரையிலும் மதுவிலும் ஊறிய உடம்பு. இரண்டுக்கும் ஒரே ரசீது போடுகிறீர்கள். கேரி கிரான்ட்டோடு பிரிந்த பிறகும் கடைசி வரை நட்பாக இருந்தாள், அதையும் உங்கள் பேப்பரில் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
கடைசி வரை என்றதும் ஞாபகம் வந்தது. 1979 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தபோது வங்கியில் 3,500 டாலர்தான் இருந்தது என்று எங்கும் எழுதுகிறார்கள். அந்தத் தொகையை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் அவள் கட்டிய வின்ஃபீல்டு மாளிகையைப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தாள், இன்றைக்கும் தூதர் அங்கேதான் குடியிருக்கிறார். இப்படி அள்ளி விட்டவளைப் போய் ஒரு ம்டிவானி மொட்டையடித்தான் என்றால் என் கணக்குக்கு ஒத்து வரவில்லை.

தெருவிளக்கு:
அரசுக்கு ஒரு டாலருக்கு மாளிகை, கடைப்பெண்ணுக்கு மணிக்குப் பத்து சென்ட் தர ஒரு வாரம் கடைக்குள் படுக்க வேண்டும். நல்ல கணக்கு.

பழையபேப்பர்:
மூன்று பேரிடமும் ஒன்று கேட்கிறேன். அலெக்ஸிஸ், செர்ஜ் போன பிறகு டேவிட் மட்டும் மிச்சம். அவன் 1944ல் எண்ணெய் அதிபர் ஹாரி சின்க்ளேரின் மகள் விர்ஜினியாவைக் கட்டினான். அதற்குள் அந்தக் குடும்பத்துப் பட்டம் எப்படி வந்தது என்று அமெரிக்கா முழுக்கச் சிரித்து முடித்திருந்தது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பெண்ணும் ஏமாந்தவளா? ஊசிமிளகாய், உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் நான் தூங்கப் போகிறேன்.

ஊசிமிளகாய்:
தூங்குங்கள் சார். விர்ஜினியாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்பராவைப் பற்றித்தான் சொன்னேன், அதிலிருந்து நீங்கள் என்னை நகர்த்தவில்லை.