‘செட்’ என்றார்கள், தலையாட்டினேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

கானாடுகாத்தான்காரன்

மூன்று வருஷமாக மனசில் கிடக்கிறது, இறக்கி வைத்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறோம். மார்கழியில் ஒரு அமெரிக்க அம்மாள் தனியாக வந்திருந்தார். காலைப் பலகாரம் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். பரிமாறியது அப்பத்தா. நாலு உள்ளே போனதும், இன்னும் வைக்கட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே “தேங்க் யூ, ஐ ஆம் ஆல் செட்” என்றார்.

எனக்குத் தெரிந்த செட் ஓட்டப்பந்தயத்து செட். தயார் என்கிறார், நன்றியும் சொல்கிறார், வேறென்ன? “வைங்க அப்பத்தா” என்றேன். இரண்டு விழுந்தது. மறுபடி “ஆல் செட்”. மறுபடி இரண்டு. எட்டாவது பணியாரத்தைத் துவையலில் தொட்டு விழுங்கும்போது அவர் கண்ணில் தண்ணீர். காரம் போலிருக்கிறது என்று அப்பத்தா இலையில் ஒரு கை சீனி வைத்தார்.

மறுநாள் காலை அறைக்கதவு திறக்கவில்லை. கதவடியில் ஒரு சீட்டு: வயிறு சரியில்லை, சாப்பாடு வேண்டாம். அங்கெல்லாம் ‘ஆல் செட்’ என்றால் ‘போதும், வேண்டாம்’ என்று அர்த்தமாம். நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோதுதான் சொன்னான்.

தேவகோட்டைப் பேரன்

உங்களுடையது சிரிக்கிற கதை. எங்களுக்குப் பங்காளிகளோடு வீட்டு வழக்கு. ஒரு வாய்தாவுக்கு அப்பச்சியால் போக முடியவில்லை, நாங்கள் இல்லாமலே எங்களுக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டது. அதை எதிர்த்து மனுப் போட்டிருந்தோம். ஒரு சாயங்காலம் வக்கீல் குமாஸ்தா போனில், “டிகிரியை செட் அசைட் பண்ணியாச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். டிகிரி என்றால் கோர்ட் பாஷையில் தீர்ப்பு.

அப்பச்சி காலமெல்லாம் கணக்கு எழுதியவர். பணத்தை செட் அசைட் பண்ணினால் தனியாக எடுத்து வைப்பது. ஆக, தீர்ப்பை பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார்கள், இனி அசைக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு நாள் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுச் சாவிக்கொத்தை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சாவியாக வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒப்படைக்கும்போது துருவோடு கொடுக்கக்கூடாதாம். மூன்றாம் நாள் வக்கீலே வந்து, “ஐயா, அது ரத்தாயிருச்சு” என்றார். ஜெயித்த வீட்டுக்கு இரண்டு நாள் துக்கம் காத்தோம்.

கோர்ட் வாசல்

ஜெயிக்கவில்லை தம்பி. உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 9, ரூல் 13. எக்ஸ்பார்ட்டி டிகிரி ரத்தானால் வழக்கு பழைய நிலைக்கு வரும், இரண்டு தரப்பையும் மறுபடி விசாரிப்பார்கள், அவ்வளவுதான். சாவியை அப்பச்சி கையிலேயே வைத்திருக்கட்டும்.

ஆத்தங்குடி கல்

வெளியூர் பார்ட்டி ஒருவர் போனில், “செட் ஆயிடுச்சா?” என்றார். நாங்கள் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்கிறவர்கள், அன்று காலையில்தான் ஊற்றியிருந்தோம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்கலவை தூவி, அப்புறம் ஈரக்கலவை போட்டு மட்டம் செய்து வைத்தாயிற்று. தொட்டுப் பார்த்தேன், இறுகியிருந்தது. “ஆயிடுச்சு சார்” என்றேன். அவர் கேட்டதோ, மொத்த ஆர்டரும் முழு செட்டாகச் சேர்ந்துவிட்டதா என்று.

மறுநாள் லாரி வந்து நிற்கிறது. கல்லெல்லாம் தொட்டிக்குள் தண்ணீரில் கிடக்கிறது. அதற்குப் பிறகு வெயிலில் காய வேண்டும், கண்ணாடியை விட்டு வர வேண்டும். டிரைவர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “இதை எப்படிண்ணே ஏத்துறது?” என்றார். லாரி வாடகை என் தலையில்.

ரிட்டயர்டு வாத்தியார், பள்ளத்தூர்

எனக்கு நடந்தது சின்னது. ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் ஒரு பையன் ‘செட்டட்’ என்று இறந்தகாலம் சொன்னான், நான் விழித்தேன். செட்டுக்கு மூன்று காலமும் செட்தான்.

பிள்ளைகளுக்கு செட் சொல்லித்தரும்போது பொருள் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ பழைய ஆங்கிலத்தில் அதன் பிறவினை, உட்கார வை. நம் இரு, இருத்து மாதிரி. கல்லை மோதிரத்தில் உட்கார வைத்தால் செட். எலும்பு முறிவை இடத்தில் உட்கார வைத்தால் செட். பாலில் உறை ஊற்றி அசையாமல் வைத்தால் தயிர் செட். சூரியன் கீழே போய் உட்கார்ந்தாலும் செட். ஆத்தங்குடியார் கதையில் இடறியது வேறு. கூட்டம், தொகுதி என்கிற செட் பெயர்ச்சொல், அது பிரெஞ்சு வழியாக வந்த வேறு வேர். இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

அடுத்தது, பின்னால் ஒட்டும் வாலைப் பாருங்கள். செட் அப் என்றால் நிறுவுவது, செட் ஆஃப் என்றால் கிளம்புவது, வெடி வைப்பதும் அதுவே. செட் இன் என்றால் மழையோ குளிரோ வந்து நிலைத்துவிடுவது. செட் பேக் பின்னடைவு. இணைச்சொல் என்று புட், பிளேஸ், லே, ஃபிக்ஸ் எல்லாம் கைடில் வரிசையாக இருக்கும், நம்பாதீர்கள். அலாரத்தை புட் பண்ண முடியாது. தமிழிலும் அப்படித்தானே? அலாரம் வைப்போம், விலை வைப்போம், தீ வைப்போம். ஆனால் கேள்வித்தாள் எடுப்போம், சாப்பிட இலை போடுவோம். இங்கிலீஷ்காரன் அத்தனைக்கும் செட் என்பான். பிள்ளைகளுக்கு வினையை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள், எதை செட் செய்கிறோம் என்பதையும் சேர்த்தே கொடுங்கள். தினம் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து நோட்டும் முக்கியம்.

கண்டாங்கி

கையெழுத்து நோட்டை யார் கேட்டது ஐயா :)

அகராதிப் பைத்தியம்

செட்தான் ராஜா என்கிற நினைப்பில் எல்லாரும் பேசுகிறீர்கள். அது பழைய கதை. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் செட் வினைக்கு 430 பொருள், அப்போது அதுதான் முதலிடம். இப்போது ‘ரன்’ முந்திவிட்டது, வினைக்கு மட்டும் 645. ஆறு ஓடும், மூக்கு ஓடும், கடையையும் ‘ரன்’ பண்ணுவார்கள்.

கண்டாங்கி

இருக்கட்டும். நம் ‘கட்டு’ என்ன இளைத்ததா? வீடு கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், பணம் கட்டுகிறோம், கதை கட்டுகிறோம், சளி கட்டுகிறது, தோட்டுக்குக் கல் கட்டுகிறோம். கட்டுகிற வீட்டுக்குள்ளேயே முதல் கட்டு, இரண்டாம் கட்டு. போதாததற்கு செட்டும் நம்மிடம் உண்டு. செட்டாகக் குடித்தனம் நடத்து என்று என் ஆயா சொன்னால் அது சிக்கனம். அந்த அமெரிக்க அம்மாளை செட்டாகச் சாப்பிட விட்டிருக்கலாம்.

கானாடுகாத்தான்காரன்

எல்லாவற்றையும் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆல் செட் என்றால் போதும் என்று அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “போதும்னா இலைக்கு மேல கையைக் காட்ட வேண்டியதுதானே அவ” என்றார்.