புல்லட் கிளப்பில் ஆள் மாறிய இரவுகள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

முதல் பதிவு
ஜப்பானிய நிறுவனமான நியூ ஜப்பான் நடத்தும் மல்யுத்தம் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அதன் வில்லன் குழுவான புல்லட் கிளப்பிலிருந்து யாரும் விடைபெற்றுப் போனதில்லை. சொந்த ஆட்களிடம் அடி வாங்கித்தான் போனார்கள். அதை நான் நேரிலேயே பார்த்தேன். அப்போது எனக்கு டோக்கியோவில் வேலை. 2016 ஜனவரி 5, கொராக்குவென் ஹால். ஏ.ஜே. ஸ்டைல்ஸ் அமெரிக்கா போகப்போகிறார் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் குழுவே சேர்ந்து எதிரணி வீரர் நகாமுராவை அடித்தது. சரி, வழக்கமான அட்டூழியம் என்று பார்த்தால், கென்னி ஒமேகா திரும்பித் தன் தலைவர் ஸ்டைல்ஸையே தாக்கினார். தோளில் தூக்கித் தலைகுப்புறப் போட்டார். சின்ன அரங்கம் அது, விழுந்த சத்தம் பால்கனி வரை கேட்டது. அதே மாதம் 24ஆம் தேதி ஸ்டைல்ஸ் அமெரிக்காவில் டபிள்யூடபிள்யூஇ நடத்தும் ராயல் ரம்பிளில் வந்து நின்றார்.

மறுமொழி
அண்ணா, பொறாமையாக இருக்கிறது! நான் எல்லாவற்றையும் கணினித் திரையில்தான் பார்த்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், குழுவைத் தொடங்கிவைத்த பிரின்ஸ் டெவிட்டின் கதை கொஞ்சம் வேறு. 2013 ஏப்ரலில் கூட்டாளி டகுச்சியை அடித்தவர், மே 3, ஃபுகுவோகாவில் பேட் லக் ஃபாலே, கார்ல் ஆண்டர்சன், டாமா டோங்கா ஆகியோருடன் குழுவை அமைத்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே டகுச்சியிடம் தோற்று, சமாதானமாகி, வெளியேறினார். ஆனால் அதற்குள் குழுவிலிருந்த யங் பக்ஸ் சகோதரர்கள் அவரைக் கைவிட்டிருந்தார்கள், ஆகவே நீங்கள் சொல்வதும் பாதி சரி. ஸ்டைல்ஸ் நுழைந்ததும் அதே இரவில்தான். என்னை அதிர வைத்தது 2014 மே மாதம்: யுஜிரோ டகஹாஷி தன் கூட்டாளியும் அப்போதைய சாம்பியனுமான ஒகாடாவுக்குத் துரோகம் செய்து, ஸ்டைல்ஸுக்குப் பட்டம் கிடைக்க வழிவிட்டார். வெளிநாட்டார் மட்டுமே இருந்த குழுவில் முதல் ஜப்பானியர் அவர்.

மறுமொழி
நான் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வசிக்கிறேன். 2018 ஜூலை 7, இங்குள்ள கவ் பேலஸ் அரங்கம். ஒமேகா அதே குழுவின் கோடி ரோட்ஸை வென்று பட்டத்தைக் காப்பாற்றிய பிறகு டாமா டோங்கா, அவர் சகோதரர் டங்கா லோவா, அவர்கள் தந்தை ஹாக்கு மூவரும் வாழ்த்துவதுபோல் வந்து தாக்கினார்கள். பழைய டபிள்யூடபிள்யூஎஃப் ரசிகர்களுக்கு ஹாக்குவைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனக்கு வேடிக்கையாக இருந்தது கூட்டம்தான். என்னைச் சுற்றி எங்கும் மண்டையோடு போட்ட அதே கறுப்பு டி-ஷர்ட். அடிப்பவனும் புல்லட் கிளப், அடிபடுபவனும் புல்லட் கிளப். என் முன்வரிசைக்காரர் பத்து நிமிடத்தில் மூன்று முறை கட்சி மாறினார்.

மறுமொழி
அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. பிறகு ஜே வைட் தலைவராக வந்தார், 2022இல் டாமா டோங்காவையே விரட்டினார். தொடக்கம் முதல் இருந்தவரை! 2023 பிப்ரவரியில் சான் ஹோசேவில் எடி கிங்ஸ்டனிடம் தோற்ற கையோடு வைட்டையே டேவிட் ஃபின்லே அடித்தார், பிறகு தலைமையைப் பிடித்தார். ஆள் கூடக்கூடப் பெயர்களே நினைவில் நிற்பதில்லை. சான் ஹோசே உங்கள் ஊர்ப் பக்கம்தானே, போயிருந்தீர்களா?

மறுமொழி
டிக்கெட் வாங்கிவிட்டேன். பையனுக்குக் காய்ச்சல். என் டிக்கெட்டில் போனது மைத்துனர். யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டால் இன்றுவரை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.